வலிப்புக்கு ஏழு சாவி

ஊட்டி கடைவீதியில் முபீனுக்கு வலிப்பு வந்துவிட்டால் போதும், அத்தனை கடைக்காரர்களும் இடுப்பைத் தடவிக்கொண்டு ஓடி வருவார்கள். சாவிக்கொத்துக்குத்தான். கையில் இரும்பு பட்டால் வலிப்பு நின்றுவிடும் என்பது வீதியின் ஒருமனதான தீர்ப்பு. போன தடவை ஒரு டாக்ஸி டிரைவர் தன் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்து, மைசூர் கிளம்பிய ஒரு குடும்பத்தை இரண்டு மணி நேரம் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்.

இதையெல்லாம் பார்த்தால் முபீனின் மனைவி ஹபீபுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இருவருமாக ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார்கள். மூன்று வருடம் முன்பு கேத்தி வளைவில், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு பைக்கோடு விழுந்த மகான் முபீன். டேங்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூளையில்தான் ஒரு தழும்பு. வலிப்பு அங்கிருந்து கிளம்புகிறது என்று கோயம்புத்தூர் டாக்டர் இந்துமதி படத்தைக் காட்டிச் சொன்னார். காலையும் இரவும் மாத்திரை. ஒரு வேளைகூட விடக்கூடாது. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

"அப்ப சாவிங்க டாக்டர்?"

"பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல வலிப்பு தானாவே நின்னுடும்மா. ஸ்டாண்டுக்குள்ள வர்ற பஸ்ஸுக்குக் கையைக் காட்டிட்டு, நான்தான் நிறுத்தினேன்னு சொல்ற கதை இது."

அப்படிக் கை காட்டுகிறவர்களுக்குத் தலைவர், பக்கத்துப் பூட்டுக்கடை அயூப். "நம்ம சாவி பட்டதும் பெட்டிப்பாம்பா அடங்கிருச்சு, பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் வீதிக்கே அறிக்கை விடுவார்.

அன்று சனிக்கிழமை, சீசன் கூட்டம். சால்வைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே முபீன் சாய்ந்தான். ஹபீபுன்னிசா அவனை ஒருக்களித்துத் திருப்பினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. அதற்குள் ஆறு சாவிகள் வந்து சேர்ந்தன. ஏழாவதாக, சாண் நீளத்துக் குடோன் சாவியோடு அயூப் வந்தார்.

"இரும்மா, இப்ப நிக்கும்."

நிற்கவில்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். முபீனின் உதடு நீலம் பாரித்தது. அயூப் சாவியை இன்னும் அழுத்திப் பிடித்தார். ஐந்து நிமிடம் தாண்டியதும் ஹபீபுன்னிசா அவரை இரண்டு கையாலும் நெட்டித் தள்ளினாள்.

"சாவியத் தூக்கிக் குப்பையில போடுங்கண்ணே! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

மூக்கில் மருந்தை அடித்தாள். இந்த மனிதன் இன்றைக்குப் போய்விடுவான் என்றே நினைத்தாள். அப்படியொரு பயத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. எட்டாவது நிமிடம் உதறல் தளர்ந்தது. ஆம்புலன்ஸில் அவளோடு அயூப்பும் ஏறிக்கொண்டார், குடோன் சாவியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல்.

மாலையில் முபீன் கடிபட்ட நாக்கோடு குழறினான். "பத்து நாளா மாத்திரை போடல புள்ள. ஒரே தூக்கமா வருது. சாவிக்குத்தான் நிக்குதேன்னு அயூப் அண்ணனும் சொன்னாரு..."

"தூக்கம் வந்தா டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை கேக்கோணுமுங்க. சாவிக்கே நிக்கும்னா உங்களப் பூட்டுக்கடை ஷட்டர்லயே கட்டித் தொங்க விட்டிருப்பேனே!" என்று கத்தியவள், கத்தி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அயூப்புக்கென்று அவள் தனியாகத் திட்டு சேர்த்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கும்போது அவரே வந்து நின்றார். கூடவே எட்டு வயது மகள் ஹுமா.

"திட்டறத அப்புறமா திட்டு தங்கச்சி. விழாமயே வர்ற வலிப்பும் இருக்குதுன்னு ஆஸ்பத்திரிச் செவுத்துல எழுதியிருந்துச்சு. இவ பேசிட்டே இருக்கறப்ப அப்படியே நின்னுடறா. பத்து எண்ணறதுக்குள்ள சரியாயிடுது. அது வரைக்கும் கூப்பிட்டாலும் காதுல விழறதில்ல. ஒரு நாளைக்கு இருவது தடவ. பாடத்தக் கவனிக்கறதேயில்லைன்னு டீச்சர் சொன்னாங்க."

"சாவி வெச்சுப் பாத்தீங்களாண்ணே?" ஹபீபுன்னிசா விடுவதாக இல்லை.

அயூப் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. திமிருன்னு நெனச்சு அடிச்சேன். நாலு மாசமா."

ஹபீபுன்னிசா போனை எடுத்தாள். இந்துமதியின் நம்பரைத் தேடிக்கொண்டே ஹுமாவைப் பார்த்தாள். தொங்கிய சிவப்பு ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த குழந்தை, நாலாவது பொத்தானில் நின்றுவிட்டாள். கண் திறந்திருந்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது.

பத்து நொடி போயிருக்கும். நினைவு வந்ததும் ஹுமா முதலில் அப்பாவைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு கன்னத்தையும் கைகளால் மூடிக்கொண்டாள்.