ஹிஸ்டரியில் இல்லாத படங்கள்

அடைக்கலராஜுக்குப் பொய் சொல்ல வராது என்று பொன்மலைத் தேவாலயப் பங்கில் ஒரு பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிக்கிறவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் அந்தத் திங்கட்கிழமை காலையில், கையிலிருந்த டீ ஆறுவதற்குள், ஒரு பொய்யைச் சொல்லி அதன்மேல் இன்னொருத்தியின் பெயரையும் ஒட்டிவிட்டார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிச்சைமுத்துவின் பார்சல் ஆபீஸ். அடைக்கலராஜ் அங்கே கணக்குப்பிள்ளை. ஆபீசுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான். பகல் முழுக்க அதில் புக்கிங் போடுகிறவள் பெலிண்டா, அவருடைய பங்கிலேயே பாடற்குழுவில் பாடுகிற பெண். மத்தியானம் முதலாளி சாப்பாட்டுக்கு ஸ்ரீரங்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். பெலிண்டா குடோன் பக்கம் டிபன் பாக்ஸோடு ஒதுங்குவாள். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் அடைக்கலராஜின் கைக்கு வரும். மூன்று மாதமாக அவர் அதில் பார்த்துக்கொண்டிருந்தது கணக்கு இல்லை, மறுமணத்துக்கு வரன் தேடும் ஒரு தளம்.

இதில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்கலாம். ஐம்பத்தாறு வயசு, பிள்ளைகள் வெளியூரில், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆளில்லை. ஆனால் மனைவி அற்புதம்மாள் இறந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. வருகிற சனிக்கிழமைதான் ஆண்டு நினைவுப் பூசை. போதாததற்கு, அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பங்கு ஜனமே கேட்க, "இனிமே எனக்குன்னு ஒருத்தி கெடையாது" என்று சொல்லி அழுதவர் இவர். யாராவது கேட்டார்களா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்று காலை புக்கிங்குக்கு வந்த ஜவுளிக்கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்த நேரம், மூலையில் ஒரு விளம்பரம் திறந்துகொண்டது. "உங்களோடு பேசக் காத்திருக்கிறேன்" என்று ஒரு பெண் சிரித்தாள். ஜவுளிக்கடைக்காரரும் சிரித்தார். அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்த பிச்சைமுத்து அப்புறம் கொதித்துவிட்டார்.

"யாரு இந்தக் கண்றாவியெல்லாம் பாக்குறது?"

"நான் அதத் தொடுறதே இல்லைங்க முதலாளி," என்றார் அடைக்கலராஜ். அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம். "பெலிண்டாதான் நாள் பூரா உக்காந்திருக்கு. இந்தக் காலத்துப் புள்ளைங்களப் பத்தி நான் என்னத்தச் சொல்ல."

பெலிண்டா திரும்பி அவரைப் பார்த்தாள். "நான் பாக்கலைங்க," என்று முதலாளியிடம் சொன்னாள்.

முதலாளி ஹிஸ்டரியைத் திறந்தார். பார்சல் சமாச்சாரத்தைத் தவிர ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? தினமும் எழுந்திருக்கும் முன் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவாரே அடைக்கலராஜ். அந்தச் சுத்தமே பெலிண்டாவுக்கு வினையாகிவிட்டது.

"அழிச்சு வெச்சிருக்க. தப்பு இல்லன்னா எதுக்கு அழிக்கணும்? நான் சாப்ட்டு வர்றதுக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லாட்டி நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவள் வீட்டில் வேலைக்குப் போகிற ஒரே ஆள் அவள்தான். அது அடைக்கலராஜுக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெலிண்டா சாப்பிடப் போகவில்லை. ஒரு கையில் போனை வைத்துப் படித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். அடைக்கலராஜ் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"ஹிஸ்டரிய அழிச்சாலும் படமெல்லாம் போகாதாம் சார். அடுத்த தடவ சீக்கிரம் தொறக்கணும்னு பிரவுசரே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குமாம். அது எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா போதும். என்ன படம், எத்தன மணிக்குப் பாத்ததுன்னு தெரிஞ்சா ஆளு யாருன்னும் தெரிஞ்சுடும்."

அடைக்கலராஜ் அவசரமாகக் குறுக்கிட்டார். "அதெல்லாம் நோண்டாதம்மா. கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடும்."

"கெட்டா கெடட்டும் சார். எனக்கு வேலையே போகப் போவுது."

சி டிரைவுக்குள் போனாள். யூசர்ஸ், அதற்குள் ஆபீசின் பெயர். அங்கே இருக்க வேண்டிய 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டர் கண்ணில் படவில்லை. மறைத்து வைத்த ஃபோல்டர்களையும் காட்டு என்று ஓரிடத்தில் டிக் போட்டாள். மங்கலாக வந்து நின்றது. உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், பிரவுசரின் பெயரைக் கண்டுபிடித்து, கடைசியில் அந்தக் காப்பிகள் தங்கும் 'கேஷ்' என்ற ஃபோல்டரைத் திறந்தாள். எழுத்தும் எண்ணுமாகப் பெயர் வைத்த ஃபைல்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. அடைக்கலராஜ் மனசுக்குள், சாமி, திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொள்கிற காரியமா அது?

அவள் விடவில்லை. பெரிய ஃபைல்களாகச் சிலவற்றை வேறு இடத்தில் காப்பி செய்து, படமாகத் திறக்கும்படி ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் ஜேபிஜி என்று சேர்த்தாள். முதலாவது, லாரிப் படம். அடுத்தது எண்ணெய் விளம்பரம். மூன்றாவதில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயசிருக்கும். நாலாவதில் இன்னொருத்தி. அப்புறம் மன்னார்புரத்து டீச்சர் ஒருத்தர். அடைக்கலராஜுக்கு அந்த முகம் மனப்பாடம்.

ஆறாவதில் அவரே இருந்தார்.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் எடுத்த படம். தளத்தில் போடுவதற்காக, பக்கத்தில் நின்ற அற்புதம்மாளை அவரே வெட்டி எடுத்திருந்தார். சரியாக வெட்டத் தெரியாததால், அவர் தோள்மேல் கிடந்த நாலு விரல்கள் மட்டும் படத்தில் தங்கிவிட்டன. முழுப் படம் நினைவுப் பூசை அட்டையில் அச்சாகியிருக்கிறது. பாடற்குழுவில் எல்லோருக்கும் அந்த அட்டையைக் கொடுத்தவளே பெலிண்டாதான்.

அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. "அம்மா பெலிண்டா," என்று ஆரம்பித்தார்.

வாசலில் முதலாளியின் வண்டி வந்து நின்றது. பெலிண்டா எல்லாப் படங்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்தாள். அழித்தாள். கேஷையும் காலி செய்தாள். தான் செய்யவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது.

"என்ன, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே பிச்சைமுத்து உள்ளே வந்தார்.

"ஒண்ணும் கெடைக்கலைங்க."

"நீங்க என்ன சொல்றீங்க அடைக்கலம்?"

இதோ, கடவுளே இரண்டாம் தடவை கேட்டது மாதிரி ஒரு வாய்ப்பு. அடைக்கலராஜ் தரையைப் பார்த்தார். "நான் என்னங்க சொல்றது," என்றார்.

"அப்ப சரி. கெளம்பும்மா."

பெலிண்டா திறக்காத டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். வாசலுக்குப் போனவள் அவர் மேஜையருகே நின்றாள். "சனிக்கிழமை பூசைக்கு நாங்க வந்துடுவோம் சார். அற்புதம் அக்காவுக்குப் புடிச்ச பாட்டத்தான் எடுத்திருக்கோம்," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு பேனாவை எடுத்தார், வைத்தார். தன்னை நினைத்தாலே அவருக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து முதலாளி முன்னால் போய் நின்றார்.

"அது நான்தாங்க. அந்தப் புள்ள இல்ல. எனக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிச்சைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "அட என்னய்யா நீங்க, பொண்ணு பாக்குறதுல என்னய்யா வெக்கம்," என்றவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் புள்ளைய அனுப்பிட்டேனே. போங்க, போயி கூட்டிட்டு வாங்க."

அடைக்கலராஜ் பேருந்து நிலையத்துக்கு ஓடினார். பொன்மலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"சொல்லிட்டேம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். முதலாளி உன்ன வரச் சொல்றாரு."

அவள் தலையாட்டினாள். "நீங்க வரன் பாத்ததுல தப்பே இல்ல சார். எத்தன நாளைக்குத் தனியா கெடப்பீங்க. அக்கா இருந்தா அவங்களே பாத்துக் குடுத்திருப்பாங்க."

அவருக்குக் கண் கலங்கியது. தப்பித்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஆனா காலையில முதலாளி கேட்டப்ப, தெரியாதுன்னு சொல்லிருக்கலாமே சார்," என்றாள். "என் பேரு எப்படி சார் வந்துச்சு?"

அவருக்குப் பதில் தெரியும். அவள் எதிர்த்துப் பேச மாட்டாள், அவளுக்காகக் கேட்க யாரும் வர மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர் அத்தனை சுலபமாக நாக்கில் வந்தது. அதை அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். "நாளைக்குக் காலையில வரேன்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பஸ் நகர்ந்தது. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.