கேட்டவர் கையெழுத்து

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட மாடியில் இருக்கும் சைரன் மூன்று நிமிடம் ஊதும். அணுமின் நிலையத்தில் ஏதாவது விபரீதம் என்றால் சுற்றியுள்ள தெருக்களுக்கு அந்தச் சத்தம்தான் முதல் தகவல். அதனால்தான் இந்த மாதாந்தரச் சோதனை. நிலையத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு பச்சை விளக்கு எரியும். உத்தரவு போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சைரன் ஊதியதா என்பதை ஒரு மனிதக் காதுதான் சொல்ல வேண்டும்.

நிலையத்தைச் சுற்றி இதுபோல் எட்டு சைரன்கள்; ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து கேட்டுச் சொல்ல ஒருவராக எட்டுப் பேரை நியமித்திருந்தார்கள். பள்ளிக்கூட சைரனுக்கு அவள் கணவர். நிலையத்தின் டர்பைன் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வேலைக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. ஆனாலும் முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவார். பத்தே முக்காலுக்கெல்லாம் கைக்கடிகாரமும் படிவக் கட்டுமாக மொட்டை மாடியில் இருப்பார். கல்யாணத்துக்கே அரை மணி நேரம் தாமதமாக வந்த மனுஷன் என்று அவள் கேலி செய்வாள்.

அவளுக்கும் அன்றைக்கு ஒரு பழக்கம் உண்டு. சைரன் ஆரம்பித்ததும் டீயை அடுப்பில் வைப்பாள், ஓய்ந்ததும் வடிகட்டி மாடிக்கு எடுத்துப் போவாள். மூன்று நிமிடக் கொதி கனகச்சிதமாக இருக்கும்.

இந்தப் புதன்கிழமை அவள் தங்கை வந்திருந்தாள். அக்கா பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கை சும்மா இருக்க முடியாமல் டீ போட்டு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். டம்ளரைப் பார்த்ததும் அத்தான் முகம் மலர்ந்ததாகவும், உடனே பேனாவைத் திறந்து எழுத உட்கார்ந்துவிட்டதாகவும் சொல்லிச் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று பத்து. சைரன் இன்னும் ஊதவே இல்லை.

அவள் மாடியேறினாள். அவர் முதுகைக் காட்டியபடி கைப்பிடிச் சுவரில் வைத்துப் படிவத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு ஊதலையே."

அவர் திரும்பவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார்.

தெருமுனை வரை கேட்கும் தொலைக்காட்சி, எடுக்காமலே அடித்து ஓயும் போன் என்று எல்லாம் அவளுக்கு அந்த நொடியில் ஒன்று சேர்ந்தன. எதைச் சொன்னாலும் 'ம்' என்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் என்பதால் எப்போது கேட்காமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

படிவத்தை வாங்கிப் பார்த்தாள். 'கேட்டது. மூன்று நிமிடம். மிகத் தெளிவாக.' கீழே அவர் கையெழுத்து.

ஊதவே இல்லை என்று அவள் கையை ஆட்டிக் காட்டினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கும், உனக்குக் கேட்டிருக்காது என்று அவர் வாதாடினார். பின்னாலேயே ஏறி வந்திருந்த தங்கை அக்காவின் காதருகில், "விடுக்கா. அடுத்த மாசம் ஊதினா சரியாப் போச்சு. இதுக்குப் போய் அத்தானை ஏன் தலைகுனிய வைக்கிற?" என்றாள்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு அவசரத் திட்ட அலுவலகத்துப் பெண் ஸ்கூட்டரில் வந்து படிவத்தை வாங்கிப் போவாள். வீட்டுப் பேச்சு வீட்டோடு இருக்கும். அந்தத் தெருவில் அவரை இன்னமும் எல்லோரும் 'டர்பைன் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்தத் தாள் போனால் ஒரு மாதத்துக்கு யாரும் அந்த சைரனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதன் அடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். நிஜமாகவே ஏதாவது நடந்தால், வெளியில் விளையாடுகிறவர்களை உள்ளே அழைத்து ஜன்னல்களைச் சாத்த அந்த ஒரு சத்தத்தைத்தான் டீச்சர்கள் நம்பியிருக்கிறார்கள்.

அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். "டீ வந்ததை வச்சுத்தான எழுதுனீங்க?"

அவர் டம்ளரைப் பார்த்தார்.

"நீ டீ கொண்டு வந்தா சத்தம் முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். மொதல்ல கொஞ்சம் கேட்டுச்சு. அப்புறம் கேட்ட மாதிரி இருந்துச்சு. இப்பல்லாம் படிக்கட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"எத்தனை மாசமா?"

"பத்து இருக்கும்." படிவக் கட்டின் நகல்களைப் புரட்டினார். "அத்தனையும் பொய்யா எழுதிட்டேனோ?"

"இல்ல. அதெல்லாம் ஊதிச்சு. நான் கேட்டுட்டுத்தான் டீ வச்சேன்."

அவர் கண் கலங்கியது. தங்கை டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவர் எழுதியதை ஒரே கோடாக அடித்து, மேலே 'கேட்கவில்லை' என்று எழுதினார். குறிப்புக்கான கட்டத்தில், எனக்குக் காது மந்தமாகிவிட்டது, இன்று கேட்டுச் சொன்னது என் மனைவி என்று எழுதினார். பிறகு கேட்டவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். அந்த நிலையத்துக் காகிதம் எதிலும் அவள் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. நிதானமாகப் போட்டாள்.

ஸ்கூட்டர் பெண் வந்தபோது அவரே வாசலுக்குப் போய்ப் படிவத்தைக் கொடுத்தார். அவள் படித்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மற்ற ஏழு பேருக்கும் அவரவர் பக்கத்து சைரன் கேட்டிருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஆள் அனுப்புங்கள் என்று பேசினாள். கிளம்பும்போது, "சார், நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடுங்க," என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

ஒரு மணிக்கு வேன் வந்தது. இருவர் பள்ளிக்கூட மாடிக்கு ஏறினார்கள். எலி கடித்த ஒயர் என்று பிறகு தெரிந்தது. இரண்டரைக்கு மறுசோதனை.

அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டினார். அது வளையல்போலத் தொளதொளவென்று கிடந்தது. இருவரும் மாடியில் நின்றார்கள். இந்தத் தடவை அவர் படிக்கட்டைப் பார்க்கவில்லை.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அத்தனை பேரும் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கைகளைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தன.

"தெளிவா கேக்குதா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுக்கும் வரை அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.