சால்வை அணிவிப்பவர்

மூணாறுப் பக்கம் சின்னக்கானலில் ஒற்றை யானை வந்து நின்றால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். கவிஞன் ஒருத்தன் முப்பது வருஷமாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறான், ஏனென்று கேட்க நாதி இல்லை. அந்தக் கவிஞர் சூசையப்பனுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில், பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடியில் வேலை. ஐம்பத்தேழு வயது. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குவார். மனைவி கத்தரீனாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகன் ரிஜோ ஆலுவாவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். அம்மாவை அடக்கம் செய்த கையோடு, "அப்பா, நீங்களும் என்கூட ஆலுவாக்கு வாங்க" என்று கூப்பிட்டான். இவர் வரமாட்டேன் என்றார். இன்னொரு தடவை கூப்பிடுவான் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். அவன் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

அந்த மூன்று வருஷத்தில் எழுதிய கவிதைகளைத்தான் 'இலை வாடும் நேரம்' என்று புத்தகமாகப் போட்டிருந்தார். பாதிக் கவிதைகள் ரிஜோவைப் பற்றியவை. ரிஜோவுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். சேர்த்துவிட்டவர் வேறு யாருமில்லை, இவரேதான். கேரளாவில் பிழைக்க வேண்டிய பிள்ளை என்று அன்றைக்கு ரொம்ப யோசித்துச் செய்தார்.

போன மாதம் ஒரு போன் வந்தது.

"ஏனுங்க, சூசையப்பனுங்களா? பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி தமிழ் மன்றத்துல இருந்து செயலாளர் ராக்கப்பன் பேசறனுங்க. கேரளத் தமிழருக கவிதைத் தொகுப்புக்கு வருசா வருசம் ஒரு விருது குடுக்கறமுங்க. இந்த வருசம் உங்க புஸ்தகத்துக்குத்தானுங்க."

சூசையப்பன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நம்ம மன்றத்துல ஒரு வழக்கமுங்க. சால்வைய நாங்க போடறதில்லீங்க. எழுதறவன அவன் ஊட்டுல ஒருத்தராச்சும் மதிக்கோணுமுங்க. அதனால ஊட்டாளு ஒருத்தருதான் மேடையேறிப் போடோணும். அழைப்பிதழ்ல பேரு அடிக்கறதுக்கு, யாருன்னு சொன்னீங்கன்னா தேவலைங்க."

"என் மகன்" என்றார் சூசையப்பன். "ரிஜோ."

வாய் முந்திக்கொண்டது. பத்து நாளில் அழைப்பிதழும் வந்துவிட்டது. சால்வை அணிவிப்பவர்: கவிஞரின் மகன் ரிஜோ. அச்சில் அதைப் பார்த்ததும், விருதைவிட அந்த ஒரு வரிதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதைப் படமெடுத்து வாட்ஸாப்பில் மகனுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. தமிழெழுத்தை அவனுக்கு எவன் படித்துச் சொல்வான் என்பது மறுநாள்தான் உறைத்தது. போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் வா வா என்று கெஞ்சி வரவழைத்தால் அதற்குப் பேர் மரியாதையா? மனுஷனுக்கு வீம்பு ஜாஸ்தி.

அதனால் ஒரு காரியம் செய்தார். கேரளாவில் எவன் எதில் ஜெயித்தாலும் ஊர் முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கும். பத்தாம் வகுப்பு பாஸானவனுக்கே தொங்கும்போது விருது வாங்கியவனுக்குத் தொங்கக் கூடாதா? ஊர் தொங்கவிட்டதை யாராவது படமெடுத்து ரிஜோவுக்கு அனுப்புவார்கள். ஊரே கொண்டாடுகிற அப்பனைத் தேடி மகன் தானாக வருவான். இதுதான் கணக்கு. ஊர் தொங்கவிடாது என்பது தெரிந்ததுதானே, அதனால் பூப்பாறையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜிஸ்மிக்குத் தன் போட்டோவையும் தமிழில் நாலு வரி வாழ்த்தையும் தானே அனுப்பிவைத்தார். கீழே 'அன்புடன், நண்பர்கள்' என்று போடச் சொன்னார். எந்த நண்பர்கள் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஜிஸ்மி மலையாளத்துப் பெண். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆளின் பாஸ்போர்ட் போட்டோ வந்தால் அவள் கடையில் அது எந்த வகை ஃப்ளெக்ஸ் என்று கேட்கவே மாட்டார்கள். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ, ஓரத்தில் எரிகிற மெழுகுவர்த்தி. தமிழ் வரிகளை அப்படியே ஒட்டினாள். புதன்கிழமை காலையில் முதல் ஜீப்பில் வந்த ஃப்ளெக்ஸை, டிரைவரே முக்கில் மரியாதையாகக் கட்டிவிட்டுப் போனார். அப்போது சூசையப்பன் ஷிஃப்ட் முடிந்து குப்புறப்படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மாதா கோவில் மணி அவரை எழுப்பியது. விட்டு விட்டு அடித்தது. சாவு மணி. யாரோ பாவம் என்று எழுந்து முகம் கழுவினார். துஷ்டி வீட்டுக்குப் போகிறோமே என்று வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் முப்பது பேர் நின்றார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்கள். முன்னால் நின்றது அடுத்த வீட்டுச் சுருளியம்மாள், கையில் ஒரு ரீத்து. அந்த வெள்ளைப்பூ வளையத்தை அவள் கீழே போட்டுவிட்டாள்.

"யாருக்கும்மா மணி அடிக்குது?" என்று கேட்டார் சூசையப்பன்.

சுருளியம்மாள்தான் சொன்னாள். "உங்களுக்குத்தாண்ணே. ஃபாக்டரியில ராத்திரி விழுந்து செத்துப்போனீக, மூணாறு ஆஸ்பத்திரியில கெடக்கீகன்னு சொன்னாக. முக்குல ஃப்ளெக்ஸ் தொங்குது. நாங்க என்னத்தக் கண்டோம், எழுத்தா தெரியும்? மெழுகுவத்தி எரியுது, பூ இருக்கு, உங்க மூஞ்சி இருக்கு."

சூசையப்பன் விஷயத்தைச் சொன்னார். விருது, நல்லேப்பிள்ளி, ஞாயிற்றுக்கிழமை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், அது கூட்டம் முழுக்கப் பரவியது. சுருளியம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நல்லா இருப்பீகளா நீங்க? அரைநாள் கூலி போச்சு" என்று திட்டினாள்.

சூசையப்பனுக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பது பேர் வந்திருக்கிறார்கள். கத்தரீனாள் போனபிறகு அந்த முற்றத்தில் முப்பது பேர் நின்றதில்லை. எல்லோருக்கும் கட்டன்சாயா போடலாமா என்று வீட்டிலிருந்த டம்ளர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். அதற்குள் கங்காணி விசில் ஊதிவிட்டான். கூட்டம் கலைந்தது. செத்திருந்தால் சாயங்காலம்வரை இருந்திருப்பார்கள்.

"நீயாவது ஞாயித்துக்கிழமை என்கூட வாயேன் சுருளி. ஒரு ஆளு வேணும், சால்வை போட."

"நானா? பொண்டாட்டி செத்தவருக்குப் புருசன் செத்தவ மேடையில ஏறிச் சால்வை போட்டா, லயத்துல அத மாலைன்னே சொல்லிருவாக. போங்கண்ணே." போகிற போக்கில் திரும்பினாள். "அந்த ஃப்ளெக்ஸ அவுத்தா எனக்குக் குடுங்க. விறகு மூட ஆகும்."

அப்போதுதான் போன் அடித்தது. ரிஜோ.

"ஹலோ" என்றது மகனின் குரல். "இது ஆரு பேசுறது? அப்பாவோட போனு உங்ககிட்டயா இருக்கு?"

"நாந்தாம்ப்பா."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு ஒரு விசும்பல். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே விசும்பல்.

"ஒருத்தன் வாட்ஸாப்பில அந்த ஃப்ளெக்ஸ் படம் அயச்சான்ப்பா. நான் ஆலுவா ஸ்டாண்டில நிக்கிறேன். மூணாறு பஸ்ஸு இப்ப வரும்."

"ஒண்ணுமில்லப்பா. தப்பா அடிச்சுட்டாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரிஜோ மூக்கை உறிஞ்சினான். மூச்சு சீரானது. "அப்போ நான் இப்ப வரவேண்டாம்ல?"

வா என்று ஒரே ஓர் எழுத்துதான். முப்பத்தெட்டுக் கவிதை எழுதிய கை. அந்த ஓர் எழுத்து வாய்க்கு வரவில்லை.

"இல்ல, மரண லீவுன்னு மூணு நாள் தந்திருக்காங்க" என்றான் ரிஜோ. "இப்ப எடுத்துட்டா பிறகு கிட்டாது. அதான்."

பிறகு என்றால் எப்போது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னபிறகு அவனுக்கும் கூச்சமாகியிருக்க வேண்டும், "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். சூசையப்பன் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை வீம்பை விட்டார். போனை வாயருகே வைத்து, பேசி அனுப்பினார். "ரிஜோ, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நல்லேப்பிள்ளியில எனக்கு ஒரு விருது தர்றாங்க. சால்வைய நீ வந்து போடணும்னு அடிச்சிருக்காங்க. உனக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானே. ஆலுவால ரயிலேறினா பாலக்காடு ரொம்பத் தூரமில்ல." நாலு தடவை அழித்து ஐந்தாவதாகப் பேசியது அது. நீலக் கோடு விழுந்தது. பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது.

கட்டைவிரல் என்றால் வருகிறேன் என்பதா, கேட்டேன் என்பதா? இரண்டு நாளும் அதையே எடுத்து எடுத்துப் பார்த்தார். வருகிறேன் என்றுதான் முடிவு செய்தார். வேறு எப்படி முடிவு செய்வார்?

சனிக்கிழமையே புறப்பட்டு, மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் தங்கினார். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக, நடுவில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருந்தது. ஞாயிறு காலை கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது போனைப் பார்த்தார். அதே கட்டைவிரல்.

மண்டபத்தில் ராக்கப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன் வரலீங்களா?"

"ரயில்ல வர்றான். இப்ப வந்துருவான்."

நடுவர்கள் பேசினார்கள். பள்ளிக்கூடப் பஸ்ஸுக்காகப் பனியில் இறங்கிப் போகிற பையனைப் பற்றிய கவிதையை ஒரு டீச்சர் வாசித்தார். அரங்கம் அப்படியே அமைதியாகக் கேட்டது. தன் வரிகளை இன்னொரு வாய் சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்டாரா என்றால் இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சால்வை அணிவிக்க, கவிஞரின் மகன் ரிஜோ அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தார்கள். ராக்கப்பன் இன்னொரு தடவை அழைத்தார். தட்டில் சால்வையை ஏந்திக்கொண்டு நின்ற பெண் கை மாற்றிப் பிடித்தாள். வாசலில் வெயில்தான் இருந்தது.

சூசையப்பன் எழுந்து, தட்டிலிருந்து சால்வையை எடுத்தார். மைக்குக்கு அருகே வந்தார்.

"நானே போட்டுக்கிடுறேங்க" என்றார். "எங்க ஊரு குளிரு. நானே எடுத்துப் போட்டுத்தான் பழக்கம்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்து அரங்கம் சிரித்தது, பலமாகக் கைதட்டியது. அவர் சால்வையை விரித்துத் தோளில் போட்டு, கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நல்லேப்பிள்ளியில் அன்றைக்கு நல்ல புழுக்கம். விழா முடிகிறவரை வியர்த்து வழிந்தபடி அவர் அதைக் கழற்றவே இல்லை.