பல்பொடி பட்ட வெள்ளி ரூபாய்

கல்யாணத்தன்று என் மாமனார் தன் பெண் திரிபுரசுந்தரியின் கையில் ஒரு பழைய வெள்ளி ரூபாயை வைத்து, "பத்திரமா வெச்சுக்கோ" என்றார். அன்றைக்கு எனக்கும் கல்யாணம்தான். என் கையில் யாரும் எதுவும் வைக்கவில்லை.

சுந்தரி அதைப் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டாள். முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும், மறுநாள் பூஜைக்காக விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். கூடவே ரூபாயைப் பல்பொடி போட்டுத் தேய்த்தாள். இரண்டும் பளபளத்தன. ரூபாயில் தாடியும் கிரீடமுமாக எங்கள் வீட்டுக்கு வந்த ராஜா, இப்போது தாடி எது கன்னம் எது என்று தெரியாமல், சலூனிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவர் போலிருக்கிறார்.

போன மாதம்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கும் என் பையன் ஷ்யாம்சுந்தர்தான் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். இதே மாதிரி ரூபாய் ஒன்று ஏலத்தில் நான்கு லட்சத்துக்குப் போனதாம். நம்மிடம் இருப்பதும் போகவேண்டுமென்றால் முதலில் 'கிரேடிங்' செய்யவேண்டுமாம். அதற்கென்று இருக்கும் கம்பெனிக்கு அனுப்பினால், லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் திருப்பித் தருவார்களாம்.

சுந்தரி அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். "அப்பா சும்மா ஒண்ணும் குடுக்கலை, பார்த்தேளா?" என்றாள். அவள் முகத்தில் நான்கு லட்சம் இல்லை. அப்பாதான் இருந்தார்.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன். எதிலும் கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துத்தான் பழக்கம். அந்த வீடியோவுக்கு அடுத்த வீடியோவையும் பார்த்தேன். அதில் ஒருவர் ஏறக்குறைய அழும் நிலையில், "தயவுசெஞ்சு காசைத் தேய்க்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். தேய்த்த காசுக்கு மார்க் கிடையாது. 'தேய்க்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அது வெள்ளி விலைக்குத்தான் போகும்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வியாழன். முப்பத்தோரு வருஷம். சுமாராக ஆயிரத்து அறுநூறு தடவை.

கிரேடிங்குக்கு அனுப்பினால் போட்ட காசு தேறுமா என்பது ஊரில் மற்றவர்களின் கேள்வி. அப்பா கொடுத்ததைத் தன் கையாலேயே தேய்த்துத் தீர்த்துவிட்டோம் என்பதை ஐம்பத்தெட்டு வயதில் சுந்தரி தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அதுவும் பிளாஸ்டிக்கில் சீல் வைத்து.

என்னால் ஆனதைச் செய்தேன்.

"செலவு மூவாயிரம் ஆகும் போலிருக்கே" என்றேன்.

"போன மாசம் ரத்த ஓட்டத்துக்குன்னு முள்ளு வெச்ச செருப்பு ஒண்ணு வாங்கினேளே, அது எவ்வளவு?"

"கூரியர்ல தொலைஞ்சு போயிடும்."

"ஷ்யாம் பாஸ்போர்ட் எப்படி வந்ததாம்?"

"அப்பா குடுத்ததைப் போய் விக்கறதாவது."

"விக்கறேன்னு யார் சொன்னா? அப்பா என்ன குடுத்தார்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

ஊரார் கொண்டுவந்த கிளெய்ம்களை எல்லாம் காரணம் சொல்லி நிராகரித்தே ரிட்டையர் ஆனவன் நான். வீட்டில் ஒன்றைக்கூட நிராகரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரத்துக்குப் போனோம். மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, 'நாணயச் செம்மல்' டாக்டர் வேதசிரோமணியின் அலுவலகம். இந்தப் பக்கத்துக் காசுகளையெல்லாம் வாங்கி கிரேடிங்குக்கு அனுப்பிவைப்பவர் அவர்தான். ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். டாக்டர் பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கூரியரில் அனுப்பியிருந்தது. அதை வாங்கும்போது எடுத்த போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. போட்டோவில் பட்டம் கொடுக்கிற கை கூரியர் பையனுடையதா என்று தெரியவில்லை, முழங்கையோடு வெட்டியிருந்தார்கள்.

"வாருங்கள், அமருங்கள்" என்றார். "நாணயம் என்பது உலோகம் அன்று, அம்மா. அது காலத்தின் சாட்சி."

அந்த வாசகம் அவருடைய விசிட்டிங் கார்டிலும் இருந்தது. சேர சோழ பாண்டியரில் ஆரம்பித்து, டச்சுக்காரர் வழியாக, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்து சேர இருபது நிமிஷம் ஆயிற்று. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போதெல்லாம் மேஜை அதிர்ந்தது. அவர் பல்லவரோடு நிறுத்தி, மிஷின் ஓய்ந்ததும் பல்லவரிலிருந்து தொடர்ந்தார். சுந்தரி கல்யாணப் பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பட்டுத்துணி முடிச்சு. இன்னும் நாலு அரச வம்சம் வந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

கடைசியில் அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். காசை விளக்கடியில் சாய்த்தார்.

"அடக் கடவுளே" என்றார். செந்தமிழ் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "யாரு சார் இதைப் போட்டு இப்படித் தேச்சது?"

சுந்தரி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். "நான்தான்."

அவள் திரும்பினாள். "நீங்களா? எப்போ?"

"நீ தங்கை பிரசவத்துக்கு சேலம் போயிருந்தியே, அப்போ."

"எதால?"

பொய் சொல்வதில் எனக்குத் தேர்ச்சி போதாது. "ஷூ பிரஷ்" என்றேன்.

அவள் நம்பமாட்டாள் என்று ஒரு கணம் பயந்தேன். அந்தப் பயமே அநாவசியம்.

"அதானே. நான்ஸ்டிக் தவாவைக் கம்பி நார் போட்டுத் தேய்ச்சவர்தானே நீங்க" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயத்தில் இந்தக் குற்றத்துக்குத் தாராளமாக இடமிருந்தது.

வேதசிரோமணிதான் விடவில்லை. வாத்தியார் புத்தி. "ஒரு தடவை தேச்ச மாதிரி தெரியலையே சார். இது வருஷக்கணக்கா..."

"அழுத்தித் தேச்சேன்."

"இல்ல சார், பிரஷ்ஷா இருந்தா கோடு ஆழமா விழும். இது ஏதோ பொடி..."

சுந்தரி முன்னால் நகர்ந்தாள். "ஏன் சார், பல்பொடி போட்டா வெள்ளிக்கு ஏதாவது ஆகுமா?"

அவர் லென்ஸைக் கழற்றினார். கேள்வி கேட்ட மாணவியைப் பார்க்கும் சந்தோஷம் முகத்தில் வந்தது. பதில் சொல்லக் காற்றை இழுத்தார்.

"சார், ஃபீஸ் எவ்வளவு?" என்றேன்.

இழுத்த காற்று வேறு வழியாகப் போயிற்று. "ரெண்டாயிரத்து எண்ணூறு, கூரியர் போக வர நானூத்தம்பது" என்றார். பிறகு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, "பொதுவா இந்த மாதிரி காசுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன். ஃபீஸ்கூடத் தேறாது" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார்.

"அப்போ விட்டுடலாம்" என்று எழுந்தேன்.

சுந்தரி எழவில்லை. "அனுப்புங்கோ சார்."

"மார்க் வராதும்மா. தேய்க்கப்பட்டதுன்னு மட்டும்தான் எழுதி வரும்."

"அதான் எனக்கு வேணும். என்ன பண்ணியிருக்கார்னு எழுத்துல வரட்டும். நாளைக்கு என் தம்பி கேட்டா நான் என்ன சொல்றது? ஷ்யாம் கேட்டா?"

"சுந்தரி, வீண் செலவு."

"நீங்க பேசாதேங்கோ."

பேசினால் உண்மை ஒன்றைத்தான் பேச முடியும். ஃபாரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இனிஷியலை அடித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினாள். போனை நீட்டி நான் பணம் அனுப்பினேன். வேதசிரோமணி காசை ஒரு சின்னக் கவரில் போட்டு ஒட்டினார். "கவலைப்படாதீர்கள் அம்மா, இதுவும் காலத்தின் சாட்சியே" என்றார். செந்தமிழ் திரும்பி வந்திருந்தது.

முழங்கால் வலியால் படி இறங்கும்போது சுந்தரி எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் ஒரு படி முன்னால், திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

பாதியில் நின்றாள்.

"கண்ணு மாதிரி வெச்சிண்டிருந்தேன்னா" என்றாள். "ஒரே ஒரு தடவை விட்டுட்டுப் போனேன்."

"ஆமாம்" என்றேன்.