சடைச்சிக்கு என்ன ஆனது

முத்துமீனாவை அந்த வீட்டுக்கு அனுப்பும்போதே மதுரை சிம்மக்கல்லில் அவள் வேலை பார்த்த பிசியோதெரபி நிலையத்தின் டாக்டர் எச்சரித்தார்.

"எழுத்தாளர் வீடு. வாசகர் தொல்லையில அவரு சம்சாரம் நொந்து போயிருக்காங்க. போனமா, பயிற்சி குடுத்தமா, வந்தமான்னு இருக்கணும்."

அவர் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஹரிராம், வயது அறுபத்தேழு. மூளையின் இடது பக்கம் ரத்த அடைப்பு. வலது கை, கால் பலவீனம். பேச்சு இல்லை.

"சரி சார்" என்றாள். ஹரிராம் எழுதிய எட்டுச் சரித்திர நாவல்களையும் படித்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வேறு ஆளை அனுப்பிவிடுவார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த எட்டில் ஏழு நாவல்கள் அரசர்களையும் தளபதிகளையும் பற்றியவை. கடைசியாக வந்த 'மதகுக்காரி'யில் மட்டும்தான் கதை அரண்மனையை விட்டு இறங்கி ஒரு கண்மாய்க் கரைக்கு வந்திருந்தது. நானூறு வருடங்களுக்கு முந்தைய மதுரைச் சீமை. கையகல நிலம்கூடச் சொந்தமில்லாமல் ஊரார் வயலுக்கெல்லாம் நீர் பாய்ச்சும் குடும்பத்தில் பிறந்த சடைச்சி, புருஷன் செத்த பிறகு மதகைக் காக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் போர் வருகிறது. எதிரியின் பாசறையை மூழ்கடிக்கக் கண்மாய்க் கரையை வெட்டச் சொல்கிறான் தளபதி. வெட்டினால் சடைச்சியின் சனங்கள் இருக்கும் குடிசைகளும் போய்விடும். அதற்கு முன்பே மதகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட அவள் இறங்குகிறாள். மழை வலுக்கிறது. தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த தன் ஆறு மாதப் பிள்ளையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு பாகம் முடிந்தது.

ஒன்பது வருடமாக அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

இந்தக் காத்திருப்பில் முத்துமீனாவாவது பரவாயில்லை. அவளுடைய அப்பா பால்பாண்டி நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவர். திருவாதவூரில் ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுது, பிற்பாடு ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கியவர். பேப்பரில் தலைப்புகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர் முதன்முதலாக முழுதாகப் படித்த புத்தகம் மதகுக்காரிதான். விரலை வைத்து வரிவரியாக, பாகத்துக்கு நான்கு மாதம். ஒவ்வொரு ஆண்டும் முத்துமீனா மதுரைப் புத்தகத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது அவருடைய முதல் கேள்வி மூன்றாம் பாகம் பற்றித்தான்.

"வந்துருச்சாத்தா?"

"இல்லப்பா. அடுத்த வருஷம்னு சொல்றாங்க."

"பாவம், அந்தப் புள்ள எம்புட்டு நேரந்தான் தண்ணிக்கு மேல கெடக்கும்" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதைப் போலிருக்காது.

ஹரிராமின் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதல் நாள் கதவைத் திறந்த அவர் மனைவி ராதாமணி, முத்துமீனாவின் சீருடையைப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார். கட்டிலில் ஹரிராம் படுத்திருந்தார். புத்தகத்தின் பின்னட்டைப் படத்தில் இருந்த அதே அடர்ந்த புருவம். அந்த முகத்தின் ஒரு பக்கம் இறங்கிப்போயிருந்தது. அவள் அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கத் தொடங்கினாள். அவ்வளவையும் எழுதிய விரல்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் டெலிபோன் அடிக்கத் தொடங்கும். ராதாமணி எடுப்பார். தேனியிலிருந்து ஒருவர், ஐயா எழுதிய அந்த ராணி நிஜமாகவே விஷம் குடித்தாளா, இல்லை கற்பனையா என்று கேட்பார். ராஜபாளையத்துக்காரர் ஒருவருக்கு முதல் நாவலின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் ஒன்று இருந்தால் படியெடுத்துத் தரமுடியுமா? எங்கே தொடங்கினாலும் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். மூன்றாம் பாகம் எப்போது?

"எழுதிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிடுவார் ராதாமணி. நோய் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். முத்துமீனாவும் தான் யார் வீட்டுக்குப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை ஹரிராம் வாயைத் திறந்து, "பானி" என்றார்.

முத்துமீனாவுக்குப் புரியவில்லை. சமையலறையிலிருந்து ராதாமணி டம்ளரோடு ஓடிவந்தார். அது தண்ணீருக்கு அவர்களுடைய சௌராஷ்டிர மொழியில் உள்ள சொல். அதன்பின் ஒவ்வொரு நாளும் சொற்கள் வந்தன, பிறகு சின்னச் சின்ன வாக்கியங்கள். எல்லாம் அந்த மொழியில்தான். தமிழில் கேட்டால் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயெடுத்தால் வீட்டுமொழிதான் வந்தது. வாரம் ஒருமுறை வரும் ஸ்பீச் தெரபிஸ்ட், சிலருக்கு இப்படி ஆவதுண்டு, முதலில் பேசிய மொழி முதலில் திரும்பும், மற்றது வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

ஒரு நாள் அவராகவே அலமாரியைக் காட்டினார். ராதாமணி மதகுக்காரியின் இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைப் பிரித்தார். ஒரு பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி நேராக்கினார். பிறகு மூடி, இடது கையால் மெல்லத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். அன்றைக்குப் பயிற்சி எதுவும் நடக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. அவள் தோளுக்கான பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வழக்கமான பேச்சைப் போல இல்லை அது. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்தி நிறுத்தி, யாருக்கோ சொல்வது போலிருந்தது. நடுவில் "பானி, பானி" என்றார். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டி, இடது கையால் தன் செயலற்ற வலது கையைப் பற்றித் தூக்கினார். மார்புவரை, முகம்வரை, தலைக்கு மேலே. இரண்டு கைகளும் எதையோ ஏந்தியபடி நடுங்கிக்கொண்டு நின்றன.

"ஐயா, சடைச்சியா?" என்று கேட்டுவிட்டாள் முத்துமீனா.

அவர் அவளைப் பார்த்தார். கைகள் கீழே விழுந்தன. முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது, கண்கள் நிறைந்து வழிந்தன.

வாசலில் ராதாமணி நின்றுகொண்டிருந்தார்.

"நீயும் அந்தக் கூட்டந்தானா?" என்றார். குரல் உயரவேயில்லை. "கை, காலை நேராக்க வாரன்னு நெனச்சேன். கதை கேட்க வந்திருக்க."

"இல்லம்மா, நான் வேலையில ஒரு நாளும்..."

"நாளையிலருந்து வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒத்தக்கடை வரைக்கும் அழுதுகொண்டே போனாள். அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியலையா?" என்றார் பால்பாண்டி. "எனக்கு அது தெரியும்த்தா. நாப்பது வருஷம் அப்படித்தான இருந்தேன். அவருக்கு அது வந்திருக்கக் கூடாது."

ஐந்தாம் நாள் ராதாமணியே டெலிபோன் செய்தார். புதிதாக வந்த பையனிடம் ஹரிராம் கையைக் கொடுக்க மறுக்கிறாராம்.

அவள் போனபோது ராதாமணி அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போல, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"தினமும் எங்கிட்ட அதையேதான் சொல்றாரு. ஒரு பொம்பளை தண்ணிக்குள்ள நிக்கிறா, ஒரு புள்ள. அது யாருன்னு எனக்குத் தெரியல மீனா. அவரு எழுதுனதுல ஒண்ணுகூட நான் படிச்சதில்ல. எனக்குக் கதைன்னா பொறுமை கிடையாது. நாப்பது வருஷம். படிச்சியான்னு அவரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. புதுப் புத்தகம் வந்தா என் மேசையில ஒண்ணு வைப்பாரு, அம்புட்டுதான். கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இப்ப ஒரு தடவ கேட்கமாட்டாரான்னு இருக்கு."

அன்றிலிருந்து பயிற்சி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் முத்துமீனா அங்கேயே இருந்தாள். முதலில் அவள் ராதாமணிக்குச் சடைச்சியின் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அது தெரியாமல் அவரால் புருஷன் சொல்வதைத் தமிழில் மாற்றிச் சொல்ல முடியவில்லை. சடைச்சியின் கல்யாணம், புருஷன் சாவு, மதகுப் பலகையை முதல்முறை தனியாகத் தூக்கிய நாள், தளபதி வந்து நின்ற நாள். எழுதியவர் கட்டிலில் சாய்ந்து, வாசகி தன் மனைவிக்குத் தன் கதையைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதையாவது அவள் விட்டுவிட்டால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ராதாமணி குறுக்கே கணக்குக் கேள்விகளாகக் கேட்பார். எத்தனை பலகை, எத்தனை ஆள் ஆழம்? சடைச்சியின் புருஷன் செத்த இடம் வந்தபோது கேள்வியை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். ஹரிராம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு நடுவே தான் இருக்கக் கூடாதென்று முத்துமீனா தண்ணீர் குடிக்கப் போனாள்.

பதினோராம் நாள் இரண்டாம் பாகம் முடிந்தது.

"அப்புறம்?" என்றார் ராதாமணி.

"அதுக்கப்புறம் ஐயாதாம்மா சொல்லணும்."

ராதாமணி தங்கள் மொழியில் கேட்டார். ஹரிராம் சொல்லத் தொடங்கினார். ஒரு வாக்கியம், ஒரு மூச்சு. ராதாமணி தமிழில் சொல்லச் சொல்ல முத்துமீனா ஒரு நோட்டில் எழுதினாள். கரை மேலே ஒருவன் ஓடி வருகிறான். எதிரிப் படைக்காரன். அவனுக்கும் பயம். மண்டியிட்டுக் கையை நீட்டுகிறான். வேறு வழியில்லாமல் சடைச்சி பிள்ளையை அந்தக் கையில் கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு வடக்கே ஓடுகிறான்.

"புள்ள பொழச்சுருச்சா?" முத்துமீனாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஹரிராம் தலையசைத்தார்.

"சடைச்சி?"

அவர் நிதானமாக ஏதோ சொன்னார். ராதாமணி அவர் பக்கம் குனிந்து மறுபடி கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னார்.

"தெரியலையாம். அதனாலதான் ஒம்பது வருஷமா எழுதலையாம். எல்லாரும் போன் பண்ணிக் கேட்கும்போது, எனக்கும் அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு தோணுமாம். அவளைப் பிழைக்க வச்சா பொய்யா இருக்கு, சாகடிக்க மனசு வரலங்கிறாரு."

முத்துமீனா பேனாவை மூடி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துமீனா அனுமதி கேட்டு அப்பாவை அழைத்து வந்தாள். பால்பாண்டி சலவைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கும்பிட்டார். ஹரிராம் இடது கையை நெஞ்சில் வைத்தார்.

"புள்ள பொழச்சதா மக சொன்னா. மனசு ஆறிப்போச்சு ஐயா" என்றார் பால்பாண்டி. "அவ என்ன ஆனான்னு ஒங்களுக்கே தெரியலைன்னுஞ் சொன்னா. நான் ஒண்ணு சொல்லலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

ஹரிராம் முன்னால் சாய்ந்தார்.

"மதகுல ரெண்டு பக்கமும் கல்லுத் தூண் நிக்கும். தண்ணி இழுத்துச்சுன்னா அதத்தான் கட்டிப் பிடிக்கணும். நான் பிடிச்சிருக்கேன். அவளால ஏன் பிடிக்க முடியல? ரெண்டு கையிலயும் புள்ள இருந்துச்சு. இப்பத்தான் புள்ளையக் குடுத்துட்டாள்ல. கை ரெண்டும் சும்மாதான இருக்கு."

ஹரிராம் தன் இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கை" என்றார். சந்தேகத்தோடு இன்னொரு முறை, "கை." ராதாமணி சட்டென நிமிர்ந்தார். அது தமிழ்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தமிழ் வெள்ளமாக வந்துவிடவில்லை. இன்றைய தேதிக்கு இருபது, இருபத்தைந்து சொற்கள் இருக்கும். எழுத்து இன்னும் கூடவில்லை. ஆனால் முத்துமீனாவின் நோட்டில் மூன்றாம் பாகம் ஐந்து அத்தியாயம் வந்திருக்கிறது. முத்துமீனா ஞாயிறுதோறும் போகிறாள். தூணைப் பிடித்துக் கரையேறிய சடைச்சி, கலைந்து ஓடும் படையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடக்கிறாள். ஊர் ஊராக, ஒரு படைக்காரன் கையில் ஆறு மாதப் பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பிள்ளைக்கு இப்போது நடை வந்திருக்கும், வேறு யாரையோ அம்மா என்று கூப்பிடும். அது அவளுக்கும் தெரியும்.

சில ஞாயிறுகளில் ஹரிராமுக்கு ஒன்றும் வராது. ராதாமணி அவர் அருகில் குனிந்து தங்கள் மொழியில் ஏதோ கேட்பார். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்.

"இன்னைக்கு இல்லையாம் மீனா" என்பார் ராதாமணி. யாரைவிடவும் அவருக்குத்தான் அந்த நாட்களில் ஏமாற்றம். "அந்தப் படைக்காரன் நல்லவன்தான்னு தோணுது, இல்ல?" என்று கேட்பார்.

"நல்லவனாத்தான்மா இருக்கணும்."

வெளியே வந்தால் தெப்பக்குளத்துப் படிகளில் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். முத்துமீனா ஷேர் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போய், ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவாள். ஒத்தக்கடை தாண்டி வயல்கள் தொடங்கும் இடத்தில், இடுப்பில் பிள்ளையில்லாமல் வரப்போடு நடந்து போகும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், பஸ் அவளைக் கடந்து வெகு தூரம் போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள்.