பூதத்தின் சாப்பாட்டுச் சத்தம்

அந்தப் படம் என்ன வகை என்று கேட்டால் இயக்குநருக்கே சொல்லத் தெரியாது. பாதி பேய், பாதி சிரிப்பு, மிச்சமெல்லாம் குடும்பக் கண்ணீர். சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு பூதம் குடியிருக்கும். வீட்டில் யாராவது சொல்ல வந்ததை விழுங்கினால் அது ஒரு சுற்று பெருத்துவிடும். "பூதம் வெளிய இல்லம்மா, நமக்குள்ளதான் இருக்கு" என்று அவர் உருகியபோது சத்தக்காரி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

படத்துக்கு வேண்டிய காலடி, கதவு, எலும்பு முறிவுச் சத்தம் எல்லாவற்றையும் கையாலேயே உண்டாக்கிப் பதிவுசெய்பவள் என்பதால் ஸ்டூடியோவில் அவளுக்கு அந்தப் பெயர். முள்ளங்கியை ஒடித்தால் எலும்பு, ஈரத்துணியைப் பிழிந்தால் குடல். அவள் நிம்மதியாக மூச்சுவிடும் ஒரே இடம் அந்த அறைதான். பூதம் தின்னும் சத்தம் மட்டும் பிடிபடவில்லை. அழுகிய பப்பாளியைக்கூடப் பிசைந்து பார்த்தாள். இயக்குநருக்கு அருவருப்பு போதவில்லையாம்.

அருவருப்புக்கா பஞ்சம்? வீட்டில்தான் கணவர் இருக்கிறாரே! வாயைப் பிளந்து மெல்வார், சப்புக்கொட்டுவார், நடுநடுவே ஏப்பம், பல்லிடுக்கை நோண்டித் தட்டோரம் துடைப்பார். கர்மம், கர்மம். எதிரே உட்கார்ந்து சாப்பிட அவள் வயிறென்ன இரும்பா? மேசைக்கடியில் மைக்கை ஒட்டி, காதும் காதும் வைத்தாற்போல் பதிவுசெய்துவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து, இந்தப் படத்தோடு வேலையை விட்டுவிடு என்று அவர் மென்றுகொண்டே சொன்னார்.

மறுநாள் இயக்குநர் அந்தப் பதிவைக் கேட்டார், முகம் சுளித்தார். பிறகு மெல்லுகிற சத்தத்தையெல்லாம் தூக்கிவிடச் சொன்னார். நடுவில் வேறொன்று வருகிறது, அது போதுமாம்.

"இதைக் கேட்டாத்தாம்மா உடம்பே கூசுது. எதை வச்சு செஞ்சீங்க?"

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். அமுங்கிய குரலில் ஒரு 'சரிங்க'. பின்னாலேயே தொண்டைக்குள் எதையோ விழுங்கும் 'களக்'. மறுபடி 'சரிங்க', களக். அவளேதான். சீ, இத்தனை வருஷம் இதைத்தானா தீனி போட்டு வளர்த்தோம் என்று தன்மேலேயே அவளுக்குக் குமட்டியது.

அன்று மாலை சாப்பிடும்போது, ஸ்டூடியோவில் இன்னும் சொல்லவில்லையா, நாளைக்கே சொல்லிவிடு என்றார் கணவர். கடைவாயில் எச்சில் வழிந்தது. வழக்கமான 'சரிங்க' அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"வாயை மூடிட்டு மெல்லுங்க," என்றாள். "வேலையை நான் விடமாட்டேன்."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். களக் என்று விழுங்கினார்.