டார்ட்டின் மேல் ஒரு எழுத்து

ஓடிலும் ரெஜிஸும் விவாகரத்து வாங்கியபோது இருவருக்குமே வீட்டை விற்க மனம் வரவில்லை. பிரித்துக்கொண்டார்கள். மாடி ஓடிலுக்கு, கீழ்த்தளம் ரெஜிஸுக்கு. பால்கனியும் காலை வெயிலும் தனக்கு வந்ததில் ஓடிலுக்குக் கொஞ்ச நாள் பெருமை. பழைய சமையலறையும் அதிலிருந்த பெரிய ஓவனும் கீழ்த்தளத்தோடு போய்விட்டன என்பது பிறகுதான் உறைத்தது. மேலே ஒரு குட்டி ஓவன் வாங்கிச் சமாளித்து வந்தாள். வெர்வான் ஊரில் எங்கள் தெருவுக்கே இந்தப் பாகப்பிரிவினை தெரியும். ஆரம்பத்தில் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போனது.

அந்தக் குட்டி ஓவன் வேறு நாளே கிடைக்காததுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 'டப்' என்று சத்தம் போட்டு அணைந்துவிட்டது.

அன்று மதியம் ஆன்செல்ம் சாப்பிட வருவதாக இருந்தார். கால்நடை டாக்டர், மனைவியை இழந்தவர். தேவாலயப் பாடகர் குழுவில் ஓடிலுக்குப் பின்வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுவார். பாட்டுப் பயிற்சி முடிந்து கோட்டு மாட்டும்போது ஓடில் அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டிருந்தாள்: "என் ஃப்ளாமீஷை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் வேற யார் வீட்டு டார்ட்டும் உங்களுக்கு இறங்காது."

ஃப்ளாமீஷ் என்பது எங்கள் பக்கத்து லீக்ஸ் டார்ட்; லீக்ஸ் என்றால் தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒன்று. கீழே ஒரு மாவு, மேலே மூடியாக ஒரு மாவு, நடுவில் வெண்ணெயில் குழைய வதக்கிய லீக்ஸ், க்ரீம், மர்வால் சீஸ். அந்தச் சீஸ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தெருமுனையில் வரும் தபால்காரருக்கே தெரிந்துவிடும்.

லீக்ஸ் வதங்கி ஆறிவிட்டது. மாவும் தயார். ஓடில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு கீழே போய்க் கதவைத் தட்டினாள்.

"ரெஜிஸ், உன் ஓவன் கொஞ்ச நேரம் வேணும்."

"தலையில முடி சுருட்டுற உருளையை மாட்டிக்கிட்டு ஓவன் கேக்குற. யாரு வர்றா?"

"என் சித்தி."

"உன் சித்திக்கு மர்வால் வாசனையே ஆகாது. அந்தம்மாவை விரட்டத்தான் நீ சீஸ் வாங்குவ."

"சரிய்யா, ஆன்செல்ம் வர்றார். போதுமா?"

"மாட்டு டாக்டரா! அந்தாள் கை எங்கெங்கல்லாம் போயிட்டு வருதுன்னு யோசிச்சியா?"

"சோப்புன்னு ஒண்ணு இருக்கு. நீதான் கேள்விப்பட்டதில்ல."

ரெஜிஸ் சிரித்துக்கொண்டே வழிவிட்டான். ஓவனை அவனே மூட்டினான். பரணிலிருந்து பழைய வட்டத் தகரத் தட்டை இறக்கித் துடைத்துக் கொடுத்தான். இவ்வளவு பணிவு அவனிடம் கல்யாண நாளன்றுகூட இருந்ததில்லை. ஓடில் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டாள். மாவைத் தேய்த்துத் தட்டில் பரத்தி, லீக்ஸைக் கொட்டி, சீஸ் துண்டுகளை அடுக்கி, மேல் மாவைப் போட்டு ஓரத்தைக் கிள்ளி மூடினாள். முட்டை மஞ்சள்கருவைத் தடவினாள்.

"நீ போய் முடியைக் கவனி. உள்ள வைக்கிறது, எடுக்கிறது எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான் ரெஜிஸ். மேஜையில் மிச்ச மாவும் கிண்ணத்தில் மிச்ச மஞ்சள்கருவும் கிடந்தன.

அவள் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது டார்ட் ஒரு துணியால் மூடப்பட்டு மேஜைமேல் இருந்தது. ரெஜிஸ் தோட்டத்தில் விசிலடித்துக்கொண்டிருந்தான். வாசனையே சரியாக வந்திருந்ததால் ஓடில் துணியை விலக்காமல் மேலே தூக்கிப்போனாள். சாப்பாட்டு மேஜையில் வைத்துத் துணியை எடுத்தாள்.

மூடியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'ஆர்' எழுத்து. ரெஜிஸின் முதலெழுத்து. வாலெல்லாம் சுருட்டி, பொன்னிறமாகப் பொங்கி, பளபளவென்று நின்றது.

ஓடில் ஜன்னலைத் திறந்து, அடிக்குரலில் கத்தினாள். "யோவ்! என்னய்யா இது?"

"கையெழுத்து. ஓவியம் வரையறவங்க போடுறதில்லையா?"

"உன்னைக் கொல்லப்போறேன்."

"அப்புறமா கொல்லு, அம்மணி. முதல்ல கதவைத் திற. டாக்டர் படியேறிக்கிட்டு இருக்கார். பூ வேற கொண்டு வந்திருக்கார், பாவம்."

மணி அடித்தது. ஓடில் கைக்குக் கிடைத்த பார்ஸ்லித் தழையை எல்லாம் டார்ட்டின் மேல் அள்ளிப்போட்டாள். ஆனால் ஆன்செல்ம் எதையும் நன்றாகப் பார்த்துவிட்டே கைவைக்கும் தொழில்காரர். உட்கார்ந்ததும் முள்கரண்டியால் தழையை ஒதுக்கினார்.

"ஆர்... இது யாருங்க?"

"அம்மா" என்றாள் ஓடில். "எங்கம்மா பேரு ரேமோந்த். அவங்க சொல்லிக்குடுத்த டார்ட். அதான் அவங்க நினைவா..."

அந்த 'நினைவா' என்ற ஒரு சொல் காரியத்தைக் கெடுத்தது. ஆன்செல்ம் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்பங்க தவறினாங்க?"

அங்கேயே திருத்தியிருக்கலாம். ஓடில் வாயைத் திறந்தாள். "போன குளிர்காலத்துல" என்று வந்தது.

ரேமோந்த் அந்த நேரத்தில் லான் ஊரில் தோழிகளோடு சீட்டாடிக்கொண்டிருந்தாள், அநேகமாக ஏமாற்றி. ஆன்செல்ம் ஓடிலின் கையைப் பற்றினார். அவர் கண்கள் நனைந்திருந்தன. "எங்கம்மா லூசியெனும் இப்ப இல்லீங்க. உங்க வலி எனக்குப் புரியுது."

ஓடிலுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. துடைப்புத் துணியில் முகத்தைப் புதைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆன்செல்ம் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ரெஜிஸ் கதவைத் தட்டிவிட்டு உள்ளே தலையை நீட்டினான். "தட்டு என்னோடது. காலியாயிட்டா எடுத்துட்டுப் போலாம்னு..."

"வாங்க, உக்காருங்க" என்றார் ஆன்செல்ம் மெல்லிய குரலில். "ரேமோந்த் அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். உங்களுக்கும் பெரிய இழப்புதான், இல்லீங்களா?"

ரெஜிஸ் எழுத்தைப் பார்த்தான். ஓடிலைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது ஓடிலுக்கும் புரிந்தது.

"இழப்பா? என் மாமியார்ங்க அவங்க. தெய்வம்!" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கு ஒரு பெரிய துண்டு வெட்டிக்கொண்டான்.

"எப்படிப் போனாங்க?"

"செர்ரி மரத்துல இருந்து விழுந்துட்டாங்க."

"குளிர்காலத்துலயா?"

"அதைத்தான் நாங்களும் கேட்டோம். மரத்துல ஒரு பழம் கிடையாது. ஆனாலும் ஏறினாங்க. அவ்வளவு பிடிவாதம்."

ஓடில் மேஜைக்கடியில் ஓங்கி ஒரு உதை விட்டாள். "ஸ்ஸ்" என்றார் ஆன்செல்ம். குனிந்து முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குமேல் ஓடிலால் தாங்க முடியவில்லை. "உயிரோட இருக்காங்க! கல்லு மாதிரி இருக்காங்க!" என்று தொடங்கி, ஓவன், மிச்ச மாவு, கையெழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

ஆன்செல்ம் டார்ட்டில் ஒரு வாய் எடுத்து நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். எங்கம்மாவும் உயிரோடதான் இருக்காங்க."

"என்னது!"

"நீங்க அவ்வளவு துக்கத்துல இருக்கும்போது எங்கம்மா சௌக்கியம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதைக்கு..."

"கண்ணுல தண்ணி வந்துச்சே!"

"அது மர்வால்" என்றார் ஆன்செல்ம்.

ரெஜிஸுக்குப் புரையேறி மாவுத்துகள் மேஜையெல்லாம் தெறித்தது. ஓடில் அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, பாதித் துண்டோடு கீழே துரத்தினாள். ஆன்செல்ம் காப்பிவரை இருந்தார். காப்பிக்குப் பிறகும் இருந்தார். ஊமைக்காயம் பட்ட காலுக்கு ஓடில் பனிக்கட்டி வைத்துக்கொடுத்தாள்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, அடுத்த மாதம் 'செத்துப்போன' இரண்டு அம்மாக்களையும் விருந்துக்கு அழைத்தார்கள். ரேமோந்த் கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே, "நான் விழுந்த மரம் எதுடி?" என்று கேட்டாள். பெரிய டார்ட்டைப் பார்த்ததும் லூசியென், ஜாதிக்காய் போட்டிருக்கிறதா என்றாள். ஜாதிக்காய் போடுகிறவர்களுக்குச் சமைக்கவே தெரியாது என்றாள் ரேமோந்த். அதன்பின் யாருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை.

ஓடிலும் ஆன்செல்மும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் ஒதுங்கினார்கள். கூடத்தில் குரல்கள் ஏறிக்கொண்டே போயின.

"போன தடவை, ரெண்டு பேரும் உயிரோட இல்லாதப்ப, வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு, இல்லீங்களா?" என்றார் ஆன்செல்ம்.

ஓடில் ஈரத்துணியால் அவர் கையில் ஒன்று வைத்தாள். "வாயை மூடு. அவங்க காதுல விழுந்துடப்போகுது."

அதுவரை அவரை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். ஆன்செல்ம் அதைக் கவனித்தார். ஓடில் காதுவரை சிவந்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.